மண்ணின் மைந்தன்

டெக்சாஸில் வீடு வாங்குகிறவனுக்கு வீட்டுத் தரகர் எல்லாவற்றையும் சொல்வார். பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்குப் பத்து, கோயில் இருபது நிமிஷம், இந்தியக் கடை பத்தே நிமிஷம், கிழக்குப் பார்த்த வாசல். மார்ச் பிறந்தால் வானத்திலிருந்து கல் விழும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். டாலஸுக்கு வடக்கே காலின் கவுண்டியில் குடியிருக்கும் தமிழர்கள் யாரைக் கேட்டாலும் தெரியும்: இங்கே பங்குனி, சித்திரை என்பது ஆலங்கட்டி சீசன்.

ஆலங்கட்டியை அமெரிக்கர்கள் அளக்கும் விதமே தனி. பட்டாணி, கோலி, கால் டாலர் காசு, கோல்ஃப் பந்து, டென்னிஸ் பந்து, பேஸ்பால் என்று வரிசை. ஓர் அங்குலக் குறுக்களவு வந்துவிட்டால் வானிலைத் துறை அதைக் கடும் புயல் கணக்கில் எழுதிக்கொள்ளும். எங்கள் தெருவில் விழுந்தது கோல்ஃப் பந்து. வாழ்நாளில் கோல்ஃப் மட்டையைக் கையால் தொடாத நான், குடைக்கு மேல் தலையணையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடி, நல்ல உருண்டையாகப் பார்த்து நாலைந்தைப் பொறுக்கி, ஃப்ரீசரில் துருவிய தேங்காய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் நடுவே பத்திரப்படுத்தினேன். சாட்சியம். குற்றவியல் சினிமா பார்த்து வளர்ந்த தலைமுறை. அதில் ஒரு கட்டி, ஊரிலிருந்து வந்திருந்த மச்சினனின் பானகத்தில் மிதந்து சாட்சி சொல்லாமலே கரைந்துபோனது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் தெரு முழுக்க கூரை போடும் ரூஃபர்களின் லாரி. ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டி, “இலவசமாக ஏறிப் பார்க்கிறேன் சார்” என்றார்கள். காப்பீட்டில் என் பங்கான டிடக்டிபிளைத் தானே பார்த்துக்கொள்வதாக ஒருவர் காதோடு சொன்னார். அப்படிச் செய்வது 2019 முதல் டெக்சாஸில் சட்ட விரோதம் என்று எங்கோ படித்த ஞாபகத்தில், நான் நேர்மையின் சிகரமாக நின்று அவரை அனுப்பிவைத்தேன். உள்ளே வந்து பாலிசியைப் பிரித்து டிடக்டிபிள் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான், அவரைத் துரத்திக்கொண்டு தெருமுனை வரை ஓடலாமா என்று தோன்றியது. காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிள் தனி. வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். ஆறு லட்சம் டாலர் வீடு என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கிற்று. முதல் பன்னிரண்டாயிரம் டாலர் சேதம் என் பாடு. அதற்கு மேல் இருந்தால்தான் காப்பீட்டுக் கம்பெனி பேச்சுக்கே வரும்.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய அட்ஜஸ்டர் நல்ல பையன். முழங்கால் வரை பூட்ஸ், வாய்க்கு வாய் ‘சார்’, டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவன். கூரையில் ஏறி, பத்தடிக்குப் பத்தடி சாக்பீஸால் கட்டம் போட்டு, அடிபட்ட ஷிங்கிளைச் சுற்றி வட்டம் போட்டான். கீழே நின்று அண்ணாந்து பார்த்த எனக்கு, வட்டங்கள் கூடக் கூட மனசு குளிர்ந்தது. இறங்கி வந்து, என் மனைவி கொடுத்த முறுக்கை ரசித்துத் தின்றான். இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது: வட்டம் போட்டதில் பாதி ஆலங்கட்டி, பாதி தேய்மானம், ஆலங்கட்டிச் சேதம் மட்டும் என்றால் டிடக்டிபிளுக்குள்ளேயே அடங்குகிறது, ஆகவே கம்பெனி தர வேண்டியது பூஜ்யம்.

“முறுக்குக்காவது காசு கொடுத்திருக்கலாம்” என்றாள் மனைவி.

அதற்குள் மாடியில், நான் பெரிய திரையும் ஒலிபெருக்கிகளும் வைத்து ‘மீடியா ரூம்’ என்று பேர் சூட்டியிருந்த அறையில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. கூரைமேல் நீலத் தார்ப்பாய் போட்டேன். தார்ப்பாயின் நீலம் குடியிருப்பின் அழகைக் கெடுக்கிறது என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கூரை ஒழுகுவதைப் பற்றி அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஒழுகுவது வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில்தான் வக்கீல் வந்தார். நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் கைகட்டி நிற்பவர். முன்பணம் வேண்டாம், வருவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். டெக்சாஸ் காப்பீட்டுச் சட்டத்தின் 542ஏ அத்தியாயப்படி முதலில் நோட்டீஸ், பிறகு 61 நாள் காத்திருப்பு, பிறகு மக்கினியில் இருக்கும் கவுண்டி நீதிமன்றத்தில் வழக்கு. மனுவைப் படித்த எனக்கு என்மேலேயே மரியாதை வந்துவிட்டது. கூரை, உள்சுவர், தரை, மன உளைச்சல், தெரிந்தே செய்த மோசடிக்கு மூன்று மடங்கு நஷ்டஈடு, வக்கீல் கட்டணம் என்று அடுக்கி, கேட்கும் தொகை இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் என்று முடித்திருந்தார்.

“ஏங்க, ஒரு பக்கெட் தண்ணிக்கு இரண்டரை லட்சமா?”

“இது சட்ட மொழி. உனக்குப் புரியாது” என்றேன். எனக்கும் புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

மனுவில் இரண்டு பிரதிவாதிகள். ஒன்று கம்பெனி. இன்னொன்று முறுக்குத் தின்ற பையன். “பாவம், அவன் எதற்கு?” என்று கேட்டேன். வக்கீல் கண்ணைச் சிமிட்டி, “அவன்தான் நமக்குப் பூட்டு” என்றார். ஒரு மாநிலத்துக்காரருக்கும் வேறு மாநிலத்துக்காரருக்கும் நடுவே 75,000 டாலருக்கு மேற்பட்ட வழக்கு என்றால், பிரதிவாதி அதை மாநில நீதிமன்றத்திலிருந்து ஃபெடரல் கோர்ட்டுக்கு நகர்த்திவிடலாம். ஆனால் எதிரணியில் ஒரே ஒருவர் வாதியின் மாநிலத்தவராக இருந்தாலும் அது நடக்காது. 1806-ல், ஜான் மார்ஷல் தலைமை நீதிபதியாக இருந்தபோது அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. இருநூறு வருஷமாக அசையாமல் நிற்கிறது. கம்பெனி வெளிமாநிலம். பையன் டெக்சாஸ். நானும் டெக்சாஸ். ஆகவே வழக்கு மக்கினியை விட்டு நகராது என்பது வக்கீலின் கணக்கு.

கம்பெனியின் கணக்கு வேறு. ஒரு நாள் அவர்களிடமிருந்து ஒரு தாள் வந்தது: அட்ஜஸ்டருக்கு ஏதாவது பொறுப்பு உண்டென்றால் அதை முழுவதும் நாங்களே ஏற்கிறோம். 2017-ல் கொண்டுவந்த அதே 542ஏ இப்படி ஏற்றுக்கொள்ளும் உரிமையைக் கம்பெனிகளுக்குத் தருகிறது. ஏற்றுக்கொண்டால் பையனை வழக்கிலிருந்து விடுவித்தே ஆக வேண்டும். என் மாடி அறையின் ஈரச் சுவரைப் பொறுப்பேற்க மறுத்த கம்பெனி, ஒரு மனிதப் பிறவியின் சகல பாவங்களையும் ஒரே வரியில் தன் தலையில் சுமந்துகொண்டது. தேவாலயங்களில்கூட இவ்வளவு விரைவாக நடப்பதில்லை.

பையன் போனான், பூட்டும் போயிற்று. இப்படி வழக்குக்குப் பின்னால் ஏற்றுக்கொண்டால் அது செல்லுமா என்று டெக்சாஸின் ஃபெடரல் நீதிபதிகளுக்குள்ளேயே ஒரு காலத்தில் ஆளுக்கொரு தீர்ப்பாம். ஹார்வி புயலில் சேதமான ஒரு கட்டடத்தின் வழக்கில், வழக்கை நகர்த்துவதற்கு முன்பு ஏற்றுக்கொண்டிருந்தால் போதும் என்று ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. “அதற்குப் பிறகும் ஏன் பையனைச் சேர்த்தீர்கள்?” என்று கேட்டேன். “சில கம்பெனிகள் மறந்துவிடும்” என்றார் வக்கீல். என் கம்பெனிக்கு நான் பிரீமியம் கட்டியதைத் தவிர எதுவும் மறக்கவில்லை.

வழக்கை நகர்த்த அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஊரில் என் பெரியப்பா ஒரு வாய்க்கால் வழக்கைக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டு, அந்த மனுவுக்கு வாய்தா வாங்கி வாங்கியே முதுமையை அடைந்தார். இங்கே மனு கிடையாது, அறிவிப்புதான். சம்மன் கிடைத்து 30 நாளுக்குள் ஃபெடரல் கோர்ட்டில் ஒரு அறிவிப்பைத் தாக்கல் செய்து, 405 டாலர் கட்டணம் கட்டி, மக்கினிக்கு ஒரு நகல் அனுப்பினால் முடிந்தது. அந்த நிமிஷமே மாநில நீதிபதி கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் தூங்கிக்கொண்டிருந்த ஓர் இரவில் என் வழக்கு, மூட்டை முடிச்சோடு, கிழக்கு டெக்சாஸ் ஃபெடரல் மாவட்டத்தின் செர்மன் பிரிவுக்குக் குடிபோய்விட்டது.

அந்த அறிவிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். ஃபெடரல் கோர்ட்டின் ஆவணங்கள் இணையத்தில் யாருக்கும் கிடைக்கும், பக்கத்துக்கு 10 சென்ட். வக்கீலே இலவசமாக அனுப்பியிருந்ததைக் கவனிக்காமல், என்னைப் பற்றி நானே காசு கொடுத்துப் படித்தேன். என் சேதம் பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்குகிறது என்று கையெழுத்துப் போட்டு எழுதிய அதே கம்பெனி, இந்த வழக்கில் தொக்கி நிற்கும் தொகை 75,000-க்கு வெகு மேலே என்று பத்தி பத்தியாக நிரூபித்திருந்தது. கூரைக்கு இவ்வளவு, உள்சுவருக்கு இவ்வளவு, மும்மடங்கு இவ்வளவு, வக்கீலுக்கு இவ்வளவு. என் நஷ்டத்தை இவ்வளவு மனசாரப் புரிந்துகொண்டவர்கள் வேறு யாருமில்லை. அந்தப் பக்கங்களை அப்படியே அவர்களிடம் நீட்டி, “சரி, கொடுங்கள்” என்று கேட்டால் என்ன என்றேன். அது வாதி கேட்கிற தொகையைச் சொல்வது, பிரதிவாதி ஒப்புக்கொள்வது அல்ல என்று வக்கீல் விளக்கினார். அவரோ அதே வாரம், கேட்கும் தொகை உண்மையில் 75,000-க்குக் கீழேதான் என்று வாதாட வழி இருக்கிறதா என்று புரட்டிக்கொண்டிருந்தார். வழக்கு நகர்ந்த பிறகு தொகையைக் குறைத்துக்கொண்டாலும் பயனில்லை என்று 1938-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதைக் கண்டதும் விட்டுவிட்டார்.

இத்தனை பாடு எதற்கு என்றால், கம்பெனிகளுக்கு ஃபெடரல் கோர்ட் பிடிக்கும். சட்டம் என்னவோ இரண்டு இடத்திலும் டெக்சாஸ் சட்டம்தான். மாநில நீதிபதி கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயித்து வருகிறவர். ஃபெடரல் நீதிபதி ஜனாதிபதி நியமித்து ஆயுள் முழுக்க இருப்பவர். டெக்சாஸ் ஜூரியில் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் என் பக்கம் சாய்ந்தால் போதும். ஃபெடரல் ஜூரியில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் சாய வேண்டும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு உப்புமாவா தோசையா என்பதிலேயே நாலு பேர் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. அது போதாதென்று, எந்தச் சேதம் ஆலங்கட்டியால் வந்தது, எது வயசால் வந்தது என்று வாதிதான் பிரித்துக் காட்ட வேண்டுமாம். என் தலையில் முடி போனதில் எத்தனை வயசுக்கு, எத்தனை வீட்டுக் கடனுக்கு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

இந்த ஏற்பாட்டுக்கு மூலம் 1789-ஆம் வருஷத்து நீதித்துறைச் சட்டம். அப்போது வரம்பு 500 டாலர். உள்ளூர் நீதிமன்றம் உள்ளூர்க்காரனுக்கே சாதகம் செய்யும், வெளியூர்க்காரன் அநியாயமாகத் தோற்பான் என்ற பயம். சரி, நியாயமான பயம்தான். கும்பகோணத்தில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். ஆனால் இந்த வழக்கில் உள்ளூர் ஆள் யார் என்று யோசித்தபோதுதான் எனக்கு உடம்பு புல்லரித்தது. நான்! காப்பிக் கடையில் பேரைக் கேட்டால் வம்பு எதற்கென்று ‘சாம்’ என்று சொல்லிவிட்டு வருகிற நான். இவ்வளவு வருஷம் ஆகியும் ‘ஹௌடி’ என்பதற்குப் பதில் என்ன சொல்வதென்று தெரியாமல் ‘குட், குட்’ என்று தலையாட்டுகிற நான். அமெரிக்காவின் வடகோடியில் பல மாடிக் கட்டடத்தில் இருக்கும், நூறு வக்கீல் வைத்திருக்கும் ஒரு கம்பெனி, காலின் கவுண்டியின் மண்ணின் மைந்தனான என்னைக் கண்டு, என் செல்வாக்கைக் கண்டு, என் சாதி சனத்தைக் கண்டு நடுங்கி, மத்திய அரசிடம் அடைக்கலம் புகுந்திருக்கிறது. அன்று மாலை நடைப்பயிற்சியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டு விருந்தில், “என் கேஸ் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய்விட்டது” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பேச்சு நின்றுவிட்டது. ஒரு மாமி என் மனைவியைத் தனியே அழைத்துப்போய், “விசாவுல ஏதாவது பண்ணிட்டாராம்மா?” என்று கேட்டாராம். இன்னொருவர், வாங்கிய கடனை அன்றைக்கே திருப்பித் தந்தார். வழக்கால் எனக்கு இதுவரை வந்த ரொக்கம் அது ஒன்றுதான்.

மண்ணின் மைந்தன் பட்டத்துக்குச் சோதனை அடுத்த மாதம் வந்தது. கம்பெனியின் வக்கீல்கள் அவசரத்தில் நான் டெக்சாஸில் ‘வசிப்பவன்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நீதிபதி தாமாகவே, அது போதாது, வசிப்பது வேறு, அந்த மாநிலத்தைச் சேர்ந்தவனாக இருப்பது வேறு, சரியாக எழுதிக் காட்டுங்கள் என்று உத்தரவிட்டுவிட்டார். மாநிலத்தைச் சேர்ந்தவன் என்றால், அங்கே இருந்தால் மட்டும் போதாது. காலவரையின்றி அங்கேயே இருக்கும் எண்ணமும் வேண்டும். கம்பெனி ஆதாரம் திரட்டிற்று. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வீட்டு வரியில் சலுகைக்காக ‘இதுவே என் பிரதான இல்லம்’ என்று நான் கொடுத்திருந்த விண்ணப்பம். பள்ளிக்கூட வரியில் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் மதிப்பைக் கழிக்கிறார்கள் என்றால் யார்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்? கடைசியில், வக்கீல் என்னிடமே ஒரு பிரமாணத்தை நீட்டினார்: நான் டெக்சாஸில் குடியிருக்கிறேன், காலவரையின்றி இங்கேயே இருக்க எண்ணுகிறேன். பொய் சொன்னால் தண்டனைக்கு உட்பட்டவன்.

பேனா நகரவில்லை. அமெரிக்காவுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லிவரும் வாக்கியம், “இன்னும் ரெண்டு வருஷம்தாம்மா, அப்புறம் அங்கேயே வந்துடுவோம்” என்பது. கிரீன் கார்டு வரட்டும் என்றேன். வந்தது. குடியுரிமை வரட்டும் என்றேன். அதுவும் வந்தது. மகன் காலேஜ் சேரட்டும் என்பது நடப்புப் பதிப்பு. வந்து கட்டிக்கொள்வதற்கென்றே கும்பகோணம் புறவழிச்சாலைப் பக்கம் ஒரு மனைகூட வாங்கிப் போட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் வக்கீலிடம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போகலாம் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை, உண்மையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால்தான் ஊர் மாறியதாக அர்த்தம் என்றார். பிறகு, சட்டத்தில் ருசி கண்டவர்களுக்கே உரிய உற்சாகத்தோடு, “நீங்கள் நிஜமாகவே இந்தியாவுக்குப் போய்க் குடியேறியிருந்தால் இன்னும் வேடிக்கை” என்றார். வெளிநாட்டில் குடியிருக்கும் அமெரிக்கக் குடிமகன் எந்த மாநிலத்தையும் சேர்ந்தவன் ஆக மாட்டான். அந்நியனும் ஆக மாட்டான். 1989-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்த விஷயம். அப்படி அந்தரத்தில் தொங்குகிறவன் போட்ட வழக்கை, வேறு வேறு மாநிலத்தவர் என்ற காரணத்தைச் சொல்லி ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுக்கவே முடியாது.

“அதாவது, நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றி அம்மாவிடம் போயிருந்தால், கேஸ் மக்கினியிலேயே இருந்திருக்கும்?”

“இருந்திருக்கும். வீட்டை விற்காமல் போயிருந்தால்.”

கையெழுத்துப் போட்டேன். போட்டதோடு விட்டிருக்கலாம். அமெரிக்க மத்திய நீதிமன்றத்தின் முத்திரையும் வழக்கு எண்ணும் மேலே அச்சாகி, கீழே என் முழுப் பெயர் அப்பா பெயரோடு இருப்பதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். சித்தப்பாக்கள் கும்பிடும் கை போட்டார்கள். அத்தை ‘வாழ்த்துகள், மென்மேலும் வளர்க’ என்று எழுதினாள். திருச்சியில் சட்டம் படிக்கும் தம்பி மகன் ஒருவன்தான் அதை முழுவதும் படித்தவன்.

ஞாயிறு வரை காத்திருக்காமல் அம்மாவே கூப்பிட்டாள்.

“காலத்துக்கும் அங்கேயேதான் இருப்பேன்னு எழுதிக் கொடுத்திருக்கியாமே?”

“அது கூரைக்காகம்மா.”

“சத்தியம் பண்ணியா இல்லையா?”

“பண்ணினேன்.”

“பொய் சத்தியமா?”

இது எந்த வக்கீலும் கேட்காத குறுக்கு விசாரணை. பொய் என்றால் ஜெயில். நிஜம் என்றால் அம்மா. கொஞ்ச நேரம் இணைப்பில் கோளாறு இருப்பதுபோல் ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிப் பார்த்தேன்.

“நல்லாத்தான் கேக்குது, சொல்லு.”

“பொய் இல்லேம்மா.”

“அப்ப சரி” என்றாள் அம்மா, நான் பயந்ததற்கு மாறாக மிகவும் தெளிவான குரலில். “அந்த மனை சும்மாத்தானே கெடக்கு, கருவேலம் மண்டிப்போய். தம்பி வீடு கட்டணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கான். நீ வந்துடுவேன்னு நான்தான் தடுத்து வெச்சிருந்தேன்.”

வழக்கு இப்போது சமரசப் பேச்சுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. கூரையைப் பற்றி இன்னும் யாரும் பேச ஆரம்பிக்கவில்லை. தம்பி சுறுசுறுப்பானவன், இரண்டே நாளில் தானப் பத்திரத்தின் வரைவையும், ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்தில் நான் கையெழுத்திட வேண்டிய பவர் பத்திரத்தையும் அனுப்பிவிட்டான். மனை எனக்கு ஏன் இனித் தேவையில்லை என்பதற்கு ஆதாரமாக என் பிரமாணத்தையே வழக்கு எண்ணோடு இணைத்திருந்தான், பக்கத்துக்குப் பத்து சென்ட்கூடச் செலவழிக்காமல்.